இருவராக ஆலப்புழாவின் ஆறுகளில் படகுப் பயணம்: காட்பாடியில் ரயிலேறுவோருக்கு ஒரு வழிகாட்டி

வேலூரில் வளர்ந்த எங்களுக்கு ஆறு என்றால் மணல்தான். பாலாற்றுப் பாலத்தைத் தினமும் கடக்கிறோம். கீழே தண்ணீரைப் பார்த்த நாள்கள் குறைவு. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது பாலத்தருகே கூடிய கூட்டத்தில் நானும் என் மனைவியும் நின்றிருந்தோம். ஓடும் நீரின் மேல் இரண்டு மூன்று நாள் போய்வர வேண்டும் என்ற ஆசை எங்கள் இருவருக்கும் அன்றுதான் வந்தது. மறு ஆண்டு டிசம்பரில் ஆலப்புழாவுக்குப் போனோம். தரகர் ஒருவர் மூலம் கெட்டுவள்ளம் எனப்படும் படகுவீட்டைப் பதிவு செய்து 11,000 ரூபாய் கொடுத்தோம். ரயில் இரண்டரை மணி நேரம் தாமதம். படங்களில் காட்டிய படகு ஒன்று, துறையில் நின்ற படகு வேறு. இரண்டு அறைகள் கொண்ட அந்தப் படகின் இன்னோர் அறையில் முன்பின் அறியாத ஒரு குடும்பம் இருந்தது. பிற்பகல் இரண்டரைக்குப் புறப்பட்ட படகைச் சாப்பாட்டுக்காக நடுவில் ஒரு முறை நிறுத்தினார்கள். ஐந்தரைக்குள் கரையில் கட்டிவிட்டார்கள். "மூணு மணி நேரம்கூட ஓடலையேங்க" என்று மனைவி சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது.

பிறகு ஒரு பிப்ரவரியில், எல்லாவற்றையும் நாங்களே விசாரித்து, மறுபடியும் போனோம். அந்தப் பயணம் நாங்கள் விரும்பியபடி அமைந்தது. இரண்டு பயணங்களிலும் கற்றதைக் கீழே வரிசைப்படி எழுதுகிறேன். படிக்கும்போது ஒரு கணக்கை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். படகுக்காரர்கள் "ஒரு இரவு, இரண்டு பகல்" என்று விலை சொல்வார்கள். நீங்கள் "பகல் வெளிச்சத்தில் எத்தனை மணி நேரம் ஓடும்" என்று கணக்கிட வேண்டும். பணம் வீணாவதும் பயனாவதும் அந்த மணிக்கணக்கைப் பொறுத்தே இருக்கிறது.

1. மாதமும் கிழமையும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. வாடகை குறைவாக இருக்கும். ஆனால் வானிலைத் துறை சிவப்பு எச்சரிக்கை விடுத்தால் மாவட்ட நிர்வாகம் படகுகளை நிறுத்திவிடக்கூடும். அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடியுடன் மழை வரும். டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை வானிலை நன்றாக இருந்தாலும் வாடகை ஏறக்குறைய இரு மடங்காகிறது. துறையில் நெரிசலும் மிகுதி. எங்கள் முதல் தவறு அங்கேதான் தொடங்கியது. மார்ச் பாதிக்கு மேல் வெயிலும் புழுக்கமும் சேர்ந்து மதிய நேரத்தைக் கெடுத்துவிடும்.

இருவராகப் போகிறவர்களுக்கு ஜனவரி மூன்றாம் வாரத்திலிருந்து பிப்ரவரி முடியும் வரையிலான நாள்களைச் சொல்வேன். பொங்கல் விடுமுறை முடிந்த பிறகு விலை இறங்குகிறது. திங்கள் முதல் வியாழன் வரை பதிவு செய்தால் இன்னும் குறையும். வெள்ளி, சனிக்கிழமைகளில் பெருநகரங்களிலிருந்து வரும் கூட்டத்தால் அதே படகு ஆயிரம் இரண்டாயிரம் கூடுதலாகக் கேட்கிறது. அலுவலகத்தில் விடுப்புக் கேட்கும்போதே வார நடுவில் மூன்று நாள் கேட்டுவிடுங்கள். விடுப்பில் இழப்பதைவிட வாடகையில் மிச்சமாவது அதிகம்.

இந்த மாதங்களில் ஒரு சிறு தொல்லை உண்டு. கடலின் உப்புநீர், ஆலப்புழாவை ஒட்டிய தாழ்நிலமான குட்டநாட்டின் நெல்வயல்களுக்குள் ஏறாமலிருக்க, தண்ணீர்முக்கம் என்ற இடத்தில் வேம்பநாட்டுக் காயல் என்ற பெரிய கடலோர ஏரியின் குறுக்கே கட்டப்பட்டுள்ள தடுப்பின் மதகுகளை டிசம்பர் பாதிவாக்கில் மூடிவிடுகிறார்கள். உப்புநீர் வராததால் தெற்குப் பகுதியில் ஆகாயத்தாமரை அடர்ந்து வளர்கிறது. சிறிய கால்வாய்களில் அது படகின் விசிறியில் சிக்கும். எங்கள் படகோட்டி ஒரு முறை எஞ்சினை அணைத்து, நீண்ட மூங்கில் கழியால் தாமரைக் கொடிகளை விலக்கி, தண்ணீரில் கைவிட்டு விசிறியைச் சுத்தம் செய்த பிறகே மேலே போக முடிந்தது. சிறு கால்வாய்ப் பயணத்துக்குக் கூடுதலாக அரை மணி ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

2. ரயில் பதிவு: போவது ஒரு வழி, வருவது வேறு வழி

கேரளத்தில் எர்ணாகுளத்துக்குத் தெற்கே இரண்டு ரயில் பாதைகள் இருக்கின்றன. ஒன்று கடலோரமாக ஆலப்புழா வழியாகவும் மற்றொன்று உள்நாட்டில் கோட்டயம் வழியாகவும் செல்கிறது. இரண்டுக்கும் நடுவில்தான் நாம் பயணம் செய்யப்போகும் நீர்ப்பரப்பு கிடக்கிறது. ஆகவே ஆலப்புழாவில் இறங்கி, படகிலேயே நீரைக் கடந்து கோட்டயம் போய், அங்கிருந்து ஊர் திரும்புவதே சிறந்த திட்டம். போன வழியே திரும்பி வரும் அலைச்சல் இதில் இல்லை. முதல் முறை இது எங்களுக்குத் தெரியவில்லை.

போவதற்குச் சென்னை–ஆலப்புழா அதிவிரைவு ரயில் பொருத்தமானது. இரவில் சென்னையிலிருந்து புறப்பட்டு, இரவு உணவுக்குப் பின் காட்பாடிக்கு வந்து, மறுநாள் முற்பகலில் ஆலப்புழாவை அடைகிறது. திரும்புவதற்குத் திருவனந்தபுரம்–சென்னை மெயில் உதவும். மாலையில் கோட்டயத்தில் ஏறினால் விடியற்காலையில் காட்பாடியில் இறங்கலாம். குடியாத்தம், இராணிப்பேட்டை, ஆற்காடு அன்பர்களும் காட்பாடியையே ஏறுமிடமாக வைத்துக்கொள்வது எளிது. வெளியூரிலிருந்து வந்து சேர்ந்துகொள்ளும் உறவினர்கள் "வேலூர்" என்று தேடி, விழுப்புரம் பாதையிலுள்ள வேலூர் கண்டோன்மென்ட் நிலையத்தைப் பிடித்துவிடுவதுண்டு. அவர்களுக்குக் காட்பாடி சந்திப்பு என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

முன்பதிவு இப்போது 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது. முன்பு 120 நாள்களாக இருந்ததை 2024 நவம்பர் முதல் குறைத்துவிட்டார்கள். பழைய நினைப்பில் இருப்பவர்கள் தேதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பதிவு திறக்கும் நாளன்று காலை எட்டு மணிக்கே உட்கார்ந்துவிடுவது நல்லது.

காட்பாடியிலிருந்து தேடும்போது காத்திருப்புப் பட்டியல் காட்டினால் சோர்ந்துவிட வேண்டாம். அதே ரயிலில் சென்னை சென்ட்ரலிலிருந்து தேடிப் பாருங்கள், இடம் இருக்கக்கூடும். சென்னையிலிருந்து டிக்கெட் எடுத்து, ஏறுமிடமாகக் காட்பாடியைக் குறிப்பிடலாம். கட்டணம் சென்னையிலிருந்தே கணக்கிடப்படும் என்றாலும் இருவருக்கும் சேர்த்து வித்தியாசம் பெரிதாக இராது. டிக்கெட் எடுத்த பிறகு ஏறுமிடத்தைக் குறிப்பிட மறந்துவிட்டால், ஆள் வரவில்லை என்று உங்கள் இருக்கை வேறொருவருக்குப் போய்விடலாம். இதில் மட்டும் கவனமாக இருங்கள்.

தட்கலை நம்பித் திட்டமிட வேண்டாம் என்பது என் அறிவுரை. அப்படியும் தேவைப்பட்டால், ரயில் புறப்படும் நாளுக்கு முந்தைய நாள் காலை 10 மணிக்கு ஏசி வகுப்பும் 11 மணிக்கு ஏசி அல்லாத வகுப்பும் திறக்கும். 2025 ஜூலை முதல் ஐஆர்சிடிசி கணக்கு ஆதாருடன் சரிபார்க்கப்பட்டிருந்தால்தான் இணையத்தில் தட்கல் எடுக்க முடியும். அந்த வேலையை இரண்டு வாரம் முன்னதாகவே முடித்துவிடுங்கள். காரணம் அடுத்த பகுதியில் வருகிறது.

3. ஆவணங்கள்: இனிஷியல் தரும் தொல்லை

தேவைப்படும் ஆவணம் ஒன்றுதான்: இருவருக்கும் தனித்தனியாக அரசு அடையாள அட்டை. ஆனால் நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியல் என்ற ஒன்று இருப்பதால் இது சிக்கலாகிறது. என் ஆதாரில் தந்தை பெயர் முழுதாக விரிந்து நிற்கிறது. ஐஆர்சிடிசி கணக்கிலோ ஒற்றை எழுத்துதான் போட்டிருந்தேன். சரிபார்ப்பு மூன்று முறை தோற்றது. கணக்கிலுள்ள பெயரை, ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து மாற்றிய பிறகே ஏற்றுக்கொண்டது. என் மனைவிக்கு வங்கிக் கணக்கில் என் பெயரின் முதலெழுத்தும் ஆதாரில் அவர் தந்தையின் முதலெழுத்தும் இருக்கின்றன. முகவரியும் பிறந்த வீட்டு முகவரி. ரயிலில் இதனால் தடை எதுவும் வரவில்லை. டிக்கெட்டிலும் அட்டையிலும் ஒரே பெயர் இருந்தால் போதும். ஆகவே டிக்கெட் எடுக்கும்போது எந்த அட்டையைக் கையில் கொண்டுபோகிறீர்களோ அதைப் பார்த்தே பெயரை எழுதுங்கள்.

ரயிலில் அசல் அட்டையையோ, டிஜிலாக்கர் அல்லது எம்ஆதார் செயலியில் உள்ள அட்டையையோ காட்டலாம். வெறும் ஜெராக்ஸ் செல்லாது. படகிலும் தங்குமிடத்திலும் இருவரின் அட்டையையும் கேட்பார்கள். ஒருவருடையது மட்டும் போதாது. திருமணச் சான்றிதழை எங்களிடம் யாரும் கேட்கவில்லை. ஆனாலும் முகவரி வேறுபட்டு, புதிதாகத் திருமணமானவர்கள், விளக்கம் சொல்லும் சங்கடத்தைத் தவிர்க்க, அதன் படத்தைக் கைப்பேசியில் வைத்திருப்பதில் தவறில்லை.

படகுக்காரர்கள் நகல் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதற்கு, எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும்படி ஆதார் ஆணையமே தரும் மறைக்கப்பட்ட ஆதாரைப் பதிவிறக்கி, அதன் ஜெராக்ஸைக் கொடுங்கள். நகலின் குறுக்கே "படகுத் தங்கலுக்கு மட்டும்" என்று தேதியுடன் எழுதிக் கொடுப்பது எங்கள் வழக்கம்.

4. எந்தப் படகு?

இங்கே மூன்று வகைப் படகுகள் உங்களுக்குப் பயன்படும்.

கெட்டுவள்ளம் என்பது அறை, குளியலறை, சமையற்கட்டு கொண்ட பெரிய படகு. அதில் ஓர் இரவு தங்கலாம். அகலமான நீர்வழிகளில் மட்டுமே அதனால் போக முடியும். நண்பகலில் ஏறி மறுநாள் காலை ஒன்பது மணிவாக்கில் இறங்குவது பொதுவான ஏற்பாடு. மாலை ஐந்தரைக்குமேல் மீனவர்கள் வலை விரிப்பதால் படகைக் கரையில் கட்டிவிடுவார்கள். சாப்பாட்டு நேரம் போக மொத்தம் ஐந்து மணி நேரம் ஓடினால் அது நல்ல படகு.

ஷிகாரா என்பது கூரையும் மெத்தை இருக்கையும் கொண்ட சிறு விசைப்படகு. மணிக்கணக்கில் வாடகை. இருவருக்கு மிகப் பொருத்தமானது. வீட்டு வாசல்களை ஒட்டிப் போகும் குறுகிய கால்வாய்களில் நுழையும். காலை ஆறரைக்கே புறப்படலாம் என்பது இதன் பெரிய நன்மை. அந்த நேரத்தில் நீர்ப்பரப்பில் பெரிய படகுகளே இருக்காது.

மூன்றாவது, கேரள மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் பயணிகள் படகு. நமக்கு நகரப் பேருந்து எப்படியோ அப்படித்தான் அவர்களுக்கு இது. பம்பை ஆற்றின் கரையிலுள்ள நெடுமுடி, கைநகரி, காவாலம், புளிங்குன்னு போன்ற ஊர்களுக்கும், காயலைக் கடந்து கோட்டயத்துக்கும் ஆலப்புழா படகுத்துறையிலிருந்து போகிறது. கட்டணம் சில பத்து ரூபாய்தான்.

முதன்முறை போகிறவர்கள் கெட்டுவள்ளம் ஒன்றையே பயணம் என்று நினைத்துவிடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். மூன்றையும் கலந்தால் செலவும் குறையும், பார்ப்பதும் கூடும். எங்கள் இரண்டாம் பயணத்தின் ஒழுங்கு இது: முதல் நாள் முற்பகலில் இறங்கி, கரையிலுள்ள ஒரு ஹோம்ஸ்டேயில் தங்கி, மாலையில் அரசுப் படகில் நெடுமுடி வரை போய்த் திரும்பினோம். இரண்டாம் நாள் அதிகாலையில் ஷிகாரா, நண்பகலில் கெட்டுவள்ளம். மூன்றாம் நாள் காலையில் கெட்டுவள்ளத்திலிருந்து இறங்கி, அரசுப் படகில் கோட்டயம் போய், மாலையில் ரயில் ஏறினோம்.

ரயிலிலிருந்து இறங்கும் நாளிலேயே கெட்டுவள்ளத்தைப் பதிவு செய்யாதீர்கள். ரயில் தாமதமானாலும் படகு ஐந்தரைக்கு நின்றுவிடும்; வாடகையோ குறையாது. எங்கள் முதல் பயணத்தின் பாதிப் பணம் இப்படித்தான் போனது.

5. கெட்டுவள்ளம் பேசும் முறை

தொலைபேசியில் பேசியதை யாரும் நினைவில் வைப்பதில்லை. எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேட்டு, எழுத்தாகப் பதில் வாங்குங்கள். ஆலப்புழாவில் பெரும்பாலோர் தமிழை நன்றாகப் புரிந்துகொள்வார்கள். ஆனால் எழுதியதைப் படிக்க இயலாமற்போகலாம் என்பதால், நான் குரல் பதிவாகவும் ஒரு முறை சொல்லி அனுப்பினேன்.

முதலில் படகின் பதிவு எண்ணைக் கேளுங்கள். உள்நாட்டு நீர்வழிகளில் ஓடும் விசைப்படகுகள் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும், காப்பீடும் இருக்க வேண்டும் என்பது 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தின் விதி. எண்ணைத் தரத் தயங்குகிறவர் பெரும்பாலும் இடைத்தரகராக இருப்பார். எந்தப் படகு கிடைக்குமென்று அவருக்கே தெரியாது. எண்ணைத் தந்தவரிடம், அந்த எண் தெரியும்படி படகின் வெளிப்புறத்தையும் அறையையும் குளியலறையையும் ஒரே காணொளியாக அன்றே எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நாங்கள் கேட்ட நான்கு பேரில் இருவர் அனுப்பினார்கள்; அந்த இருவரில் ஒருவரைத்தான் தேர்ந்தோம்.

"ஓர் அறைப் படகு" என்று கேட்க வேண்டும். "ஓர் அறை" என்று கேட்டால், இரண்டு மூன்று அறைகளுள்ள படகில் ஓர் அறை தந்துவிடுவார்கள். ஒரு சொல்லில் வந்த குழப்பம்தான் எங்கள் முதல் பயணத்தில் வேறொரு குடும்பத்தோடு கொண்டு சேர்த்தது. ஏசி எத்தனை மணிக்குப் போடப்படும் என்றும் கேளுங்கள். "ஏசி படகு" என்று சொல்லப்படும் பலவற்றில் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரைதான் ஏசி ஓடும். பகலில் முன்திண்ணையில் காற்று வாங்கிக்கொண்டு இருப்பவர்களுக்கு அது போதும். கூடுதல் பணம் கொடுத்து முழுநேர ஏசி வாங்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

இரவில் எங்கே கட்டுவார்கள் என்ற கேள்வியைப் பலர் கேட்பதில்லை. ஐம்பது படகுகள் வரிசையாக நிற்கும் இடத்தில் கட்டினால், பக்கத்துப் படகின் ஜெனரேட்டர் இரவெல்லாம் காதருகே ஓடும். கிராமக் கரையில், கரை மின்சாரம் எடுத்துக் கட்டும் இடம் வேண்டும் என்று சொல்லுங்கள். இதற்குச் சிலர் சிறு தொகை கூடுதலாகக் கேட்பார்கள், கொடுக்கலாம்.

இவற்றோடு, எத்தனை மணிக்குப் புறப்பாடு, எத்தனை மணி நேர ஓட்டம், எந்த வழி, எந்தெந்த வேளை உணவு, வரி சேர்ந்த மொத்தத் தொகை எவ்வளவு, எச்சரிக்கையால் படகு நிறுத்தப்பட்டால் முன்பணம் திரும்புமா அல்லது வேறு நாள் தரப்படுமா என்பவற்றையும் ஒரே செய்தியில் எழுதி, "சரி" என்ற பதிலை வாங்கிக்கொள்ளுங்கள். முன்பணமாகக் கால்பங்குக்கு மேல் கொடுக்க வேண்டாம். மீதியை, படகைப் பார்த்து எண்ணைச் சரிபார்த்த பிறகு கொடுங்கள்.

ஆலப்புழா ரயில் நிலையத்தில் இறங்கியதும் "போட் வேணுமா அண்ணா" என்று சிலர் சூழ்ந்துகொள்வார்கள். நிலையம் கடற்கரைப் பக்கம் இருக்கிறது. அரசுப் படகுத்துறையும் பேருந்து நிலையமும் அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி ஊருக்குள் அருகருகே இருக்கின்றன. கெட்டுவள்ளங்கள் நிற்கும் புன்னமடை அதற்கும் அப்பால். ஆட்டோவில் ஏறும்போது எந்தத் துறை என்று பெயர் சொல்லி ஏறுங்கள். முன்பதிவு செய்யாமல் வந்தவர்கள், படகுத்துறை அருகிலுள்ள மாவட்டச் சுற்றுலா மேம்பாட்டுக் குழு அலுவலகத்தில் விலை விசாரித்துவிட்டுப் பிறகு பேசுவது பாதுகாப்பு.

6. ஏறுவதற்கு முன் பத்து நிமிடம்

நம் பக்கத்தில் நீச்சல் தெரிந்தவர்கள் குறைவு. எங்கள் இருவருக்கும் தெரியாது. எனவே இந்தப் பத்து நிமிடத்தை எந்த அவசரத்திலும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

லைஃப் ஜாக்கெட் எங்கே இருக்கிறது என்று கேட்டால், "இருக்கிறது" என்பார்கள். எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். முதல் பயணத்தில் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்த இரண்டில் ஒன்றின் கொக்கி உடைந்திருந்தது. பட்டையைக் கயிற்றால் முடிந்து வைத்திருந்தார்கள். இருவரும் போட்டுப் பார்த்து, கொக்கி "டக்" என்று விழுகிறதா, தோளைப் பிடித்துத் தூக்கினால் மேலே கழன்று வராமல் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு அவற்றைக் கட்டிலருகில் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஷிகாராவில் ஏறிய நேரம் முழுதும் அணிந்தே இருங்கள்.

தீயணைப்பான் இருக்கிறதா, கேஸ் சிலிண்டர் படுக்கையறையிலிருந்து தள்ளி இருக்கிறதா, அறையின் ஜன்னல் உள்ளிருந்து திறக்கிறதா என்பவற்றையும் பாருங்கள். ஓட்டுநரின் உரிமத்தைப் பணிவாகக் கேட்டால் காட்டுவார்கள். 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில், மீன்பிடிப் படகை மாற்றியமைத்த உல்லாசப் படகு, அளவுக்கு மீறிய ஆள்களுடன் மாலை மங்கும் நேரத்தில் போய்க் கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். ஆள் மிகுந்த படகிலும், இருட்டியபின் புறப்படும் எந்தப் படகிலும் ஏற வேண்டாம். "ஒரு ரவுண்டுதானே" என்று யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

7. அரசுப் படகில்

அரசுப் படகுக்கு முன்பதிவு தேவையில்லை. கோட்டயம் படகின் நேரத்தை முந்தைய நாளே துறையில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் பழையனவாக இருக்கின்றன. நடத்துநர் படகிலேயே டிக்கெட் தருவார். பத்து, இருபது ரூபாய்த் தாள்களாகச் சில்லறை வைத்திருங்கள்.

முன்னால் நின்று சுக்கான் பிடிப்பவரை ஸ்ராங்கு என்பார்கள். துறையை நெருங்கும்போது அவர் மணிக்கயிற்றை இழுக்க, பின்னால் எஞ்சினருகே இருப்பவர் அந்த மணியைக் கேட்டு வேகத்தைக் குறைக்கிறார். படகு கரையில் உரசும் அந்த அரை நிமிடத்தில்தான் ஏற வேண்டும், இறங்க வேண்டும். படகுக்கும் கரைக்கும் நடுவே காலை வைத்துவிடாதீர்கள். புடவை கட்டியவர்கள் ஒரு கையால் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையைக் கரையில் நிற்கும் ஊழியரிடம் நீட்டினால் அவர் பிடித்துக்கொள்வார். என் மனைவி முதல் துறையில் தயங்கினார். மூன்றாவது துறையில் அவரே ஒரு பாட்டியின் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

இது வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்களின் படகு என்பதை மறக்கக் கூடாது. காலை எட்டு முதல் ஒன்பதரை வரையிலும், மாலை நான்கு முதல் ஐந்தரை வரையிலும் ஜன்னலோர இருக்கையைப் பிடித்துக்கொண்டு படமெடுப்பது முறையல்ல. மக்களையும் அவர்கள் குளிக்கும் படித்துறைகளையும் படமெடுக்க வேண்டாம்.

கோட்டயம் பயணம் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். காயலின் நடுவே, இரு கரையும் தொலைவில் மெல்லிய கோடாகிவிடும் ஓர் இடம் வரும். அதன் பின் படகு கால்வாய்க்குள் நுழையும். நீர்மட்டத்தைவிடத் தாழ்ந்து கிடக்கும் நெல்வயல்களை வரப்புக்கு மேலிருந்து பார்ப்பீர்கள். கோட்டயம் நகரத்துறை கோடிமதை. ஆனால் கால்வாயின் தூக்குப் பாலங்களில் பழுதோ, ஆகாயத்தாமரை அடைப்போ இருந்தால் காஞ்ஞிரம் என்ற ஊரோடு படகு நின்றுவிடும். அங்கிருந்து ஆட்டோ பிடிக்க வேண்டும். ஏறும்போதே "கோடிமதை வரை போகுமா" என்று கேளுங்கள்; ரயிலுக்கு மூன்று மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

மொழியில் ஓர் எச்சரிக்கை. அங்கே "வெள்ளம்" என்றால் தண்ணீர். கெட்டுவள்ளத்தில் சமையற்காரர் "வெள்ளம் வேணோ" என்று கேட்டபோது மனைவி திடுக்கிட்டு எழுந்துவிட்டார். "தோடு" என்றால் சிறு கால்வாய், "கடவு" என்றால் படகுத்துறை. இவை மூன்றும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

8. உணவும் இரவும்

கெட்டுவள்ளத்தில் மதிய உணவு, மாலைத் தேநீருடன் பழம்பொரி எனப்படும் வாழைப்பழ பஜ்ஜி, இரவு உணவு, காலைச் சிற்றுண்டி ஆகியவை வாடகையில் அடங்கும். குட்டநாட்டுச் சோறு சிவந்த பருமனான அரிசியில் ஆனது; பழக்கமில்லாதவர்கள் வெள்ளையரிசி வேண்டுமென்று முந்தைய நாளே சொல்லிவிடலாம். சைவ உணவுக்காரர்களும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். படகு புறப்பட்டபின் காய்கறி வாங்க வழியில்லை.

பிற்பகலில் கரையோர மீன்கடை ஒன்றில் படகை நிறுத்துவார்கள். கரிமீனும் பெரிய இறாலும் ஐஸ்பெட்டியில் இருக்கும். வாங்குவது உங்கள் விருப்பம், வாடகையில் சேராது. விலையைக் கிலோவுக்கா ஒன்றுக்கா என்று கேட்டு, எடை போட்ட பிறகு தலையாட்டுங்கள். சமைப்பதற்குத் தனிக் கூலி உண்டா என்பதையும் சமையற்காரரிடம் அங்கேயே கேட்டுவிடுங்கள். நாங்கள் இரண்டு கரிமீன் மட்டும் வாங்கினோம். இருவருக்கு அதுவே நிறைவாக இருந்தது.

ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை கொசுத் தொல்லை கடுமை. முழுக்கைச் சட்டை, கொசுவிரட்டிக் களிம்பு, ஒரு டார்ச் ஆகியவற்றை வேலூரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். இரவில் படகின் ஓரத்தில் உட்கார வேண்டாம். பாசி படிந்த பலகை வழுக்கும். குடிநீருக்கு ஐந்து லிட்டர் கேன் ஒன்றைக் கரையிலேயே வாங்கி ஏற்றிவிடுவது மலிவு.

9. எங்கள் செலவு

பிப்ரவரியில், வார நாளில், இருவருக்கும் சேர்த்து நாங்கள் கொடுத்தது இது. மூன்றடுக்கு ஏசியில் போக வர ரயில் கட்டணம் ஏறத்தாழ 4,000 ரூபாய். ஹோம்ஸ்டே ஓர் இரவு 1,800. ஷிகாரா மூன்று மணி நேரம் 2,100. ஓர் அறைக் கெட்டுவள்ளம் உணவுடன் 8,500. மீன் 700. அரசுப் படகுகள் எல்லாம் சேர்ந்து 200-க்குள். ஆட்டோவும் வழிச் சாப்பாடும் 1,600. படகு ஊழியர் இருவருக்கும் இறங்கும்போது 500 கொடுத்தோம். மொத்தம் 19,400. முதல் பயணத்தில் இதைவிட இரண்டாயிரம் கூடுதலாகச் செலவிட்டு, நீரின் மேல் இதில் கால்பங்கு நேரமே இருந்தோம்.

கெட்டுவள்ளம் வேண்டாம் என்று முடிவு செய்தால், அந்த இரவையும் ஹோம்ஸ்டேயில் கழித்து, ஷிகாராவை ஐந்து மணி நேரம் எடுத்துக்கொண்டு, பதினான்காயிரத்துக்குள் முடிக்கலாம். பணம் இறுக்கமாக இருக்கும் இளந்தம்பதியருக்கு நான் இதையே சொல்கிறேன்.

ரொக்கமாக ஐயாயிரம் கையில் வைத்திருங்கள். காயலின் நடுவில் கைப்பேசித் தொடர்பு விட்டு விட்டு வரும். பணம் அனுப்பும் செயலி சுழன்றுகொண்டே இருக்கும்.

10. திரும்பும் நாள்

கெட்டுவள்ளத்தில் கடைசிக் காலை, சிற்றுண்டிக்காகக் காத்திருக்காமல் ஏழரைக்கே படகை எடுக்கச் சொல்லுங்கள்; ஓடும்போதே சாப்பிடலாம். ஒரு மணி நேர ஓட்டம் கூடுதலாகக் கிடைக்கும். இறங்குமுன் சார்ஜரும் கண்ணாடியும் கட்டிலடியில் விழுந்திருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

கோட்டயத்தில் ரயில் ஏறியதும் விடியற்காலை நான்கு மணிக்கு அலாரம் வைத்துவிடுங்கள். மெயில் காட்பாடியில் சில நிமிடமே நிற்கும். தூங்கிவிட்டால் கண்விழிப்பது அரக்கோணத்தைத் தாண்டித்தான். வண்டியை நிலையத்து வாகன நிறுத்தத்தில் விட்டிருந்தால், அதன் சீட்டை அடையாள அட்டையுடன் சேர்த்தே வைத்திருங்கள். மூன்று நாள் கழித்து, அரைத் தூக்கத்தில், பைகளைக் கொட்டித் தேடிய அனுபவம் எங்களுக்கு இருக்கிறது.